டெய்சிக்கு வளைகாப்பு எப்போ, மருமவனே?

டெய்சிக்குக் கருத்தடை ஆபரேஷன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியாமே மருமவனே, உங்க அத்தை சொன்னா. ரொம்ப சந்தோசம். "பாவம், அதுவும் ஒரு உயிர்தானே, இயற்கையா இருந்துட்டுப் போகட்டும்"னு போன்ல உருகினியாம். எங்க அக்கா வளர்த்த பிள்ளை வேற எப்படிப் பேசுவான்? ஆனா இயற்கைன்னு எறங்கிட்டா முழுசா எறங்கணும்ப்பா. பிம்ப்ரியில பதினோராம் மாடியில, ஏ.சி. ரூம்ல, ஆன்லைன்ல வரவழைச்ச மெத்தையில படுத்துக்கிட்டு, கோழிக்கறி வாசனை போட்ட உருண்டைச் சோத்தைத் தின்னுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை ஆனா ஷாம்பூ குளியல் போடுற டெய்சிக்கு, கர்ப்பப்பை மட்டும் இயற்கையா இருக்கணும். நியாயந்தான். லாப்ரடாராச்சே, அதோட முப்பாட்டனெல்லாம் கனடாப் பக்கம் பனித்தண்ணியில நீச்சலடிச்சு மீன்வலை இழுத்த சாதி. அதை லிஃப்ட்ல ஏத்தி எறக்கும்போது இயற்கை எங்க போச்சுன்னு நான் கேக்க மாட்டேன். பெரிய மனுசன் அப்படியெல்லாம் குறுக்குக் கேள்வி கேக்கப்படாது.

ஆக, ஆபரேஷன் வேண்டாம். வேண்டாம்னா அதுக்குன்னு சில ஏற்பாடு இருக்கு. அதை மட்டும் சொல்றேன், குறிச்சு வச்சுக்கோ.

டெய்சிக்கு இப்ப எட்டு மாசமா? அப்ப இன்னைக்கோ நாளைக்கோ பருவத்துக்கு வந்துரும். வந்தா ஏறக்குறைய மூணு வாரத்து விசேஷம். ரத்தம் சொட்டும். ஹால்ல கிடக்கிற அந்த வெள்ளை சோஃபாவை இப்பவே யாருக்காவது தானம் குடுத்துட்டா புண்ணியமாவது மிஞ்சும். பொதுவா வருசத்துக்கு ரெண்டு தரம் வரும். மனுசப் பொம்பளைக்கு ஒரு வயசுக்கு மேல நின்னு போகும். நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. கிழவியானாலும் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

விசேஷம் தெரிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டார் வர ஆரம்பிப்பாங்க. பத்திரிகை அடிக்க வேண்டாம், காத்தே கொண்டுபோய்ச் சேத்துரும். காசர்வாடியில இருந்து ஒருத்தன், மோர்வாடியில இருந்து ஒருத்தன், பிம்ப்ரி கேம்ப்புல கறிக்கடை வாசலே சொத்தா வச்சிருக்கிறவன் ஒருத்தன். ராத்திரி முழுக்க கேட்டுக்கு வெளியே கச்சேரி. மராட்டிக்காரங்க இந்தச் சங்கதிக்குப் பாத்ரபத மாசத்தைச் சொல்லிச் சிரிப்பாங்க. நம்ம பக்கம் மார்கழியைச் சொல்லிச் சிரிப்போம். நாய் ரெண்டு பஞ்சாங்கத்தையும் பொரட்டிப் பாக்கிறதில்ல. வாட்ச்மேன் கம்பை எடுத்துக்கிட்டு ஓடுவான். அவன் டீ குடிக்கப் போற அஞ்சு நிமிசம் போதும், சோலி முடிஞ்சிரும். ஜாதகம் பாக்க முடியாது. மாப்பிள்ளை ஹிஞ்சவடியில வேலை பாக்கிறாரா, சொந்தப் பிளாட்டான்னு விசாரிக்க முடியாது. கூடின ஜோடி ஒட்டிக்கிட்டு கால் மணி, அரை மணின்னு நிக்கும். பிரிக்கப் போயிராதே, ரெண்டுக்கும் காயமாகும். சொசைட்டிப் பிள்ளைங்க அம்புட்டும் பால்கனியில வந்து நின்னு, "அங்கிள், டெய்சி என்ன பண்ணுது?"ன்னு கேக்கும். மராட்டியில ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு பதிலை இப்பவே எழுதி வச்சுக்கோ.

அதுக்கப்புறம் ஏறக்குறைய 63 நாள். வளைகாப்பு வைக்கணும்னா நடுவுல ஒரு நல்ல நாள் பாரு, நான் சித்ரான்னத்துக்கு ஏற்பாடு பண்றேன். லாப்ரடார்னா ஏழெட்டுக் குட்டி சாதாரணம். உனக்குப் பிள்ளை ஒண்ணு போதும்னு நீயும் உன் வீட்டுக்காரியும் கணக்குப் போட்டு நிறுத்தினீங்க. ஸ்கூல் பீஸ், வீட்டு லோன், எல்லாம் யோசிச்ச புத்திசாலிங்க. நாய்க்கு மட்டும் ஏழெட்டு. அதுகளுக்கு ஆறாவது வாரத்துல இருந்து பார்வோ ஊசி, டிஸ்டெம்பர் ஊசி, அப்புறம் மூணாம் மாசம் வெறிநாய்க்கடி ஊசி, நடுவுல பூச்சி மருந்து. குட்டி எல்லாம் ஒரே நேரத்துல ஒண்ணுக்குப் போற அழகை ரெண்டு பெட்ரூம் பிளாட்டுல வச்சுப் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும்.

"குட்டி போட்டா எனக்கு ஒண்ணு"ன்னு சொன்ன கூட்டாளிங்க இருக்காங்களே, அவங்க நம்பரை எல்லாம் தனியா எழுதி வை. குட்டி கண்ணு தொறக்கும்போது அம்புட்டுப் பேருக்கும் வீட்டு ஓனர் ஒத்துக்க மாட்டான், மாமியாருக்கு ஆஸ்துமா வந்துரும், ஒருத்தன் பெங்களூருக்கு மாத்தலாகிப் போயிருவான். அழகா இருக்கேன்னு வாங்கிட்டுப் போனவனும் ஆறு மாசத்துல, செருப்பைக் கடிக்குதுன்னு ராத்திரியோட ராத்திரியா பவனா ஆத்தங்கரையில எறக்கி விட்டுட்டு வருவான். வளர்த்த பிராணியை அப்படி அநாதையா விடுறது 1960-ஆம் வருசத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துல குத்தம். ஆனா விட்டவன் யாருன்னு நாய் சாட்சி சொல்லாதே, அந்தத் தைரியம்.

நீ தெருவுல பாத்திருப்பே. நாலு காலும் கட்டையா, காது மட்டும் லாப்ரடார்க் காதாத் தொங்கிக்கிட்டு, நெஞ்செலும்பு எண்ணுற மாதிரி ஒரு நாய் குப்பைத் தொட்டியில தலையை விட்டுக்கிட்டு நிக்கும். அது வானத்துல இருந்து விழலப்பா. யாரோ ஒருத்தர் வீட்டு இயற்கை.

உன் வீட்டுக்காரி ஒரு நியாயம் சொன்னாளாம்: "ஒரு தடவையாவது தாய்மையை அனுபவிக்கட்டும், ஒரு பிரசவம் ஆனாத்தான் நாய் உடம்புக்கு நல்லது." எந்த டாக்டர் சொன்னார்? வாட்சப் டாக்டரா? அப்படி ஒரு நன்மை எந்தப் பெட்டை நாய்க்கும் கிடைச்சதாத் தெரியல. கிடைக்கிறது வேற. பருவம் முடிஞ்ச சில வாரத்துல கர்ப்பப்பையில சீழ் பிடிக்கும் ஒரு சீக்கு உண்டு. பயோமெட்ரான்னு டாக்டருங்க சொல்லுவாங்க. நாய் சுருண்டு படுக்கும், தின்னாது, குடம் குடமாத் தண்ணி குடிக்கும், வாந்தி எடுக்கும். சில நாய்க்குச் சீழ் வெளிய வடியும். சிலதுக்கு வாசல் மூடிக்கிட்டு உள்ளேயே தேங்கும், அதுதான் ஆளையே கொண்டுபோயிரும். சுவீடன்ல இன்சூரன்ஸ் பண்ணின நாய்களை வச்சுக் கணக்குப் பாத்ததுல, ஆபரேஷன் பண்ணாத பெட்டைகள்ல பத்து வயசுக்குள்ள ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு இது வந்திருக்கு. வந்தா என்ன வைத்தியம்? அதே கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன்தான். வாலிப வயசுல, உடம்பு தெம்பா இருக்கும்போது ஆற அமரச் செய்ய வேண்டியதை, கிழவியான பிறகு, நடுராத்திரியில, காய்ச்சலோட, மூணு மடங்கு செலவுல செய்வே. நீ இருக்கிறது எந்த ஊர்னு நெனைச்சுப் பாத்தியா? 1954-ல ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சு, சீழ் ஆத்துற பெனிசிலினை நாட்டுக்கே காய்ச்சி ஊத்தின ஊர் பிம்ப்ரி. அந்த ஊர்ல உக்காந்து நாய் வயித்துல சீழுக்கு எடம் ஒதுக்கி வைக்கிறியே, உன்னை என்ன சொல்ல.

மார்புக் கட்டியும் அப்படித்தான். 1969-ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. மொதல் பருவத்துக்கு முன்னாடியே ஆபரேஷன் ஆன நாய்க்கு அந்தப் புத்துநோய் வர்ற வாய்ப்பு, ஆகாததோட ஒப்பிட்டா, நூத்துல அரைதான். ஒரு பருவம் ஆனதுக்கு எட்டு. ரெண்டு ஆனதுக்கு இருபத்தாறுன்னு கணக்குச் சொன்னாங்க. பின்னாடி வந்தவங்க அந்தக் கணக்குல ஓட்டை இருக்கு, அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்க. நான் மறைக்கல. ஆனா குட்டி போட்டா நல்லதுன்னு அந்த ரெண்டு கட்சியும் சொல்லல.

சரி, பொம்பளை நாய் கதை இது. உங்க எதிர்ப் பிளாட்டுக்காரர் ராக்கின்னு ஒரு கடுவனை வச்சிருக்காரே, அவர்கிட்ட நீ ஆபரேஷன் பேச்சை எடுத்தப்போ, ரெண்டு பேரும் லிஃப்டுக்குள்ள காலை இடுக்கிக்கிட்டு நின்னீங்களாமே? கத்தி நாய்க்குத்தான் மருமவனே, உங்களுக்கு ஏன் வேர்க்குது? "ஆம்பளைத்தனத்தைப் பறிக்கக் கூடாது"ன்னாராம். உங்க தாத்தா வீட்டுல நின்ன உழவு மாடு ரெண்டும் என்ன, குலம் தழைக்கப் பிறந்த காளைகளா? நாலு பேர் கயிறு போட்டுத் தள்ளி, கிட்டியால நெரிச்சு, காயடிச்ச மாடுக. மயக்க ஊசியும் இல்ல, வலிக்கு மருந்தும் இல்ல. வேப்பெண்ணெயும் மஞ்சளும் அப்பி விட்டதோட சரி. அந்த மாடு உழுத சோத்தைத்தான் நம்ம குடும்பம் அம்புட்டும் தின்னுச்சு. அப்ப எவனுக்கும் பாவம் தெரியல. இப்ப மயக்கம் குடுத்து, வலி தெரியாம, கொஞ்ச நேரத்துல முடிக்கிற சோலிக்கு உங்களுக்கெல்லாம் கண்ணு கலங்குது.

ராக்கி ஆம்பளைத்தனத்தோட என்ன சாதிக்குதுன்னு பாரு. எங்கயோ டெய்சி வாசனை அடிச்சா நாள் கணக்கா சாப்பாட்டைத் தொடாது. கதவைப் பிறாண்டும். கயித்தை அறுத்துக்கிட்டு மும்பை ரோட்டைக் குறுக்க ஓடும். லாரிக்காரனுக்கு அதோட காதல் புரியாது. தெருவுல சண்டைக்குப் போய்க் காதைக் கிழிச்சுக்கிட்டு வரும். கூடின எடத்துல இருந்து ஒரு கட்டியையும் வாங்கிட்டு வரலாம். நம்ம நாட்டுத் தெருநாய்கள்ல சாதாரணமாப் பாக்கிற புத்துநோய் அது, ஒரு நாய்ல இருந்து இன்னொரு நாய்க்குக் கலவியில ஒட்டும். குறியில ரத்தம் சொட்டும். வாரம் ஒரு ஊசின்னு பல வாரம் அலையணும். காயடிச்சா விரைப் புத்துநோய்க்கு எடமே இல்ல, வயசான காலத்துல புராஸ்டேட் வீங்கி முக்குற பாடும் பெருமளவு கொறையும். ஊர் சுத்துறதும், சோஃபா மூலையில காலைத் தூக்குறதும் பெரும்பாலும் அடங்கும். காவல் குணம் போகாது. கூரியர்க்காரனைப் பாத்துக் கொலைக்கிறதும் போகாது. செருப்புக் கடிக்கிறதும் போகாது, அது நீங்க சொல்லிக் குடுக்காத பாடம்.

உன் மனசுல ஓடுறது எனக்குத் தெரியும். நஸ்பந்தி, அதான் கருத்தடை ஆபரேஷன்னு சொன்னா எனக்கும் வயித்தைக் கலக்கும். எமர்ஜென்சி காலத்துல நான் இங்கதான் லேத்துல நின்னேன். 1976-ல இதே மகாராஷ்டிரா சட்டசபையில, மூணு பிள்ளை பெத்தவனுக்குக் கட்டாய ஆபரேஷன்னு மசோதாவே நிறைவேத்தினாங்க. தில்லியில ஜனாதிபதி கையெழுத்து விழல, தப்பிச்சோம். மனுசனைக் கட்டாயப்படுத்தினது அக்கிரமம். ஏன்னா மனுசனுக்கு யோசிக்கப் புத்தி இருக்கு, தெருமுக்குல மெடிக்கல் ஷாப்பு இருக்கு, வேணும் வேண்டாம்னு சொல்ல வாய் இருக்கு. டெய்சிக்கு இந்த மூணும் இல்ல. அதுக்காக யோசிக்க வேண்டியவன் நீ. நீயோ பாவம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே.

அடுத்து உன் தெருப் புண்ணியத்துக்கு வருவோம். ராத்திரி ஆனா கேட்டு வாசல்ல சப்பாத்தியும் பால்சோறும் வைக்கிறியாம். நல்ல காரியம். இந்த மண்ணுல அதுக்கு மரியாதை உண்டு. ரொட்டியைக் கவ்விக்கிட்டு ஓடின நாய்க்குப் பின்னாலேயே, "வெறும் ரொட்டி தின்னாதே சாமி"ன்னு நெய்க் கிண்ணத்தோட ஓடினவர் நாமதேவர்னு இங்க குழந்தையும் சொல்லும். நீயும் நெய் வரைக்கும் வந்துட்டே. அதுக்கப்புறம்தான் தகராறு. நெய்ச்சோறு தின்ன பெட்டை நல்லாக் கொழுத்து, வேளை தப்பாமச் சினையாகி, உங்க பேஸ்மென்ட்டுல காருக்கு அடியில ஆறு குட்டி போடுது. அதுல பாதி முதல் மழையைத் தாண்டல. தாண்டினதுல ஒண்ணு ரிவர்ஸ் எடுத்த கார்ல போச்சு. மிச்சம் இருக்கிறது வளர்ந்து டெலிவரி பையனை விரட்டுது. தத்தாத்ரேயர் படத்தைக் கோயில்ல பாத்திருப்பே. காலடியில நாலு நாய். யுகம் யுகமா நாலுதான், நாப்பது ஆகல. சாமிக்கே கணக்கு இருக்குப்பா.

கார்ப்பரேஷன் நாய்க் காப்பகம் நேரு நகர்ல, உன் வீட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கு. வண்டி வரும், பிடிச்சுட்டுப் போவாங்க, ஆபரேஷன் பண்ணி, வெறிநாய்க்கடி ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காதுல ஒரு வெட்டு வெட்டி, காயம் ஆறின பிறகு பிடிச்ச எடத்துலயே கொண்டாந்து விடுவாங்க. 2023-ஆம் வருசத்து விதி அப்படித்தான் சொல்லுது. வண்டி வந்த அன்னைக்கு உங்க சொசைட்டியில என்ன நடந்துச்சு? பாதிப் பேர் "பிடிச்சுட்டுப் போய்த் திருப்பி விடாதீங்க"ன்னு சண்டை. மீதிப் பேர் "எங்க செல்லத்தைப் பிடிக்காதீங்க"ன்னு சண்டை. நடுவுல நாயெல்லாம் காம்பவுண்டு சுவரேறிக் குதிச்சு ஓடிப்போச்சு. சோறு போடுற கைக்குத்தான் நாய் வாலாட்டி வரும். உன்னை விட்டா வலைக்காரனுக்கு யார் உதவி பண்ண முடியும்? நீ என்ன பண்ணினே? பால்கனியில நின்னு வீடியோ எடுத்தே.

திருப்பி ஏன் விடணும்னு கேக்கிறவங்களுக்கு நம்ம மெட்ராஸ் கதையைச் சொல்லு. 1860 வாக்குல இருந்து அங்க கார்ப்பரேஷன் தெருநாயைப் பிடிச்சுக் கொன்னுச்சு. நூறு வருசத்துக்கு மேல கொன்னுச்சு. 1990-கள்ல ஒரு நாளைக்கு நூத்துக்கு மேலன்னு கொன்னுச்சு. நாய் கொறைஞ்சுதா? வரப்பை வெட்டி விட்டுட்டு மடையில காவல் நின்ன கதைதான். ஒரு தெரு காலியானா, குப்பை அங்கயே கிடக்கும், அடுத்த தெரு நாய் குடி வந்துரும். தப்பிச்ச பெட்டைக்குச் சோறு தாராளம், குட்டி கூடுதலாப் பிழைக்கும். கேப்டன் சுந்தரம் 1959-ல ஆரம்பிச்ச புளூ கிராஸ்ல, அவர் மகன் சின்னி கிருஷ்ணா 1964-ல இருந்தே கருத்தடைதான் வழின்னு செஞ்சு காட்டினார். அரசாங்கக் காதுக்கு அது போய்ச் சேர 1996 ஆச்சு. 2001-ல அதுவே நாட்டுக்கெல்லாம் விதியாச்சு. ஆபரேஷன் ஆகி, ஊசி போட்ட நாய் தன் தெருவுல உக்காந்திருந்தா, ஊசி போடாத புதுசு உள்ள வராது. அதுக்குத்தான் திருப்பி விடுறது. ஆனா நூறு நாய் இருக்கிற எடத்துல பத்துக்குப் பண்ணிட்டுப் போட்டோ எடுத்தாப் பிரயோசனம் இல்ல. மிச்சம் தொண்ணூறு ஒரே பருவத்துல கணக்கை நேர் பண்ணிரும். வெறிநோய் அடங்கவே நூத்துல எழுபதுக்கு ஊசி போடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

2025-ல சுப்ரீம் கோர்ட்டு பண்ணினதையும் டிவியில பாத்தோமே. ஆகஸ்ட் 11-ல, தில்லி தெருநாயெல்லாம் காப்பகத்துக்குப் போகணும், திரும்பி வரக் கூடாதுன்னாங்க. 22-ஆம் தேதி மூணு நீதிபதிங்க உக்காந்து, ஆபரேஷனும் ஊசியும் முடிச்சுப் பிடிச்ச எடத்துலயே விடு, வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே, சோத்துக்குத் தனி எடம் ஒதுக்குன்னு மாத்தினாங்க. நவம்பர் 7-ல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன்ல பிடிச்சதை அங்க திருப்பி விடாதேன்னாங்க. எங்க விடணும்ங்கிறதுல மாத்தி மாத்திச் சொன்னாலும், ஆபரேஷன் பண்ணுங்கிறதை ஒரு தடவை கூட அவங்க மாத்தல.

மூணாம் மாடி காக்கு வீட்டுப் பூனைக்கும் இதே புத்திமதிதான். அவங்க "இன்னும் குட்டிதானே"ங்கிறாங்க. நாலஞ்சு மாசத்துலயே பூனை பருவத்துக்கு வரும். ரெண்டு மாசத்துல ஈனும். ஈன்ற குட்டி பால் குடிச்சுக்கிட்டு இருக்கும்போதே அடுத்ததுக்குச் சினை பிடிக்கும். போன தீபாவளிக்கு ஒண்ணு, இந்தத் தீபாவளிக்கு மாடிப்படிக்கு ஒண்ணு.

ஆபரேஷன்ல கெடுதலே இல்லையான்னு கேப்பே. உடம்பு போடும். முந்தி வச்சதுல கால்பங்கு வரைக்கும் சோத்தைக் குறைச்சு, நடக்கக் கூட்டிட்டுப் போனாச் சரியாப்போகும். உனக்கும் அந்த நடை தேவைதான். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் மாதிரிப் பெரிய சாதிக்கு ரொம்பச் சின்ன வயசுல செஞ்சா மூட்டுக் கோளாறு கூடுதுன்னு அமெரிக்காவுல கண்டிருக்காங்க. அதனால எப்போங்கிறதை மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்டக் கேளு. எப்போன்னு கேளுன்னுதான் சொல்றேன், வேணுமான்னு கேக்கச் சொல்லல. ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்லு. முந்தின ராத்திரி சோறு போடாதே, அது பாக்கிற பார்வைக்கு உருகிப்போய் ஒரு பிஸ்கட் கூடப் போட்டுறாதே. மயக்கத்துல வாந்தி எடுத்தா மூச்சுக்குழாயில போகும். தையலை நக்காம இருக்கக் கழுத்துல புனல் மாட்டுவாங்க. பத்துப் பன்னெண்டு நாளைக்குச் சுவர்ல இடிச்சுக்கிட்டு, உன்னைத் துரோகின்னு மொறைச்சுக்கிட்டுத் திரியும். பொறுத்துக்கோ, உன் வீட்டுக்காரி மொறைக்கிறதை விடவா?

நாளைக்கே டாக்டர்கிட்ட நாள் கேளு. வாசல்ல நிக்கிற அந்தச் செவலைப் பெட்டைக்கும் சேத்து நேரு நகர்ல சொல்லி வை. வண்டி வர்றப்போ கையில சப்பாத்தியோட கீழ எறங்கி நில்லு. டெய்சியைப் பாத்துக்க மூணு நாள் லீவு போடணும். மானேஜர் என்ன ஏதுன்னு கேட்டா, வீட்டுல பொம்பளைப் பிள்ளைக்கு ஆபரேஷன்னு எழுதிக் குடு. தினம் நூறு தடவை "மம்மிகிட்ட வா"ன்னு உன் வீட்டுக்காரி கூப்பிடுறாளே, பிறகு அது பொய்யாகவா போயிரும்?